எல்.டி.வி. ஹிஸ்டோகிராம் கோணலா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

லேசர் டாப்ளர் வேகமானி (எல்.டி.வி.) என்பது, ஓட்டத்தோடு மிதந்துபோகும் நுண்துகள்கள் சிதறும் லேசர் ஒளியிலிருந்து ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி. அதில் பத்தாயிரம் அளவீடு எடுத்து, எந்த வேகம் எத்தனை முறை வந்தது என்று ஹிஸ்டோகிராம் போட்டால், பாடப்புத்தகத்தில் இருக்கிற அழகான வளைவு வருவது அபூர்வம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், நடுவில் ஒற்றைக் கோடு எழும்பும், அடியில் தட்டையாக ஒரு மேடை இருக்கும். உடனே கை மென்பொருளில் உள்ள ‘ஸ்மூத்’ பொத்தானுக்குப் போகும். அங்கே போகாதீர்கள். கோணலின் வடிவம்தான் தவறு எங்கே நுழைந்தது என்பதற்குக் கையிலிருக்கும் ஒரே தடயம். அதைத் தேய்த்துவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, வரிசை. முதலில் ஒளியமைப்பையும் மின்னணுவையும் சரிபார்க்க வேண்டும். அடுத்து பொய்த் தரவை நீக்க வேண்டும். அதன் பிறகுதான் எடையிடல் (சில தரவுக்கு அதிகப் பங்கும் சிலவற்றுக்குக் குறைந்த பங்கும் கொடுப்பது), கடைசியில் கருவியின் அகலத்தை, அதாவது கருவியே பரவலில் சேர்த்துவிடும் அகலத்தை, கழிப்பது. இந்த வரிசையை மாற்றினால் திருத்தமே புதுப் பிழையாகிவிடும். ஏன் என்பது கீழே கணக்கோடு வரும்.

சோதனையின்போது சேமிக்க வேண்டியவை மூன்று: ஒவ்வொரு துகளும் வந்த நேரம், அதன் வேகம், அளவீட்டுப் பகுதிக்குள் அது இருந்த கால அளவு. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் எக்செல்லில் வைத்துக்கொண்டு உதவி கேட்டு வருபவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

உங்கள் கருவிக்கு உங்கள் எண்கள். கீழே நான் பயன்படுத்துவது ஒரு சாதாரண அமைப்பு: 514.5 நானோமீட்டர் பச்சை ஒளி, இரண்டு கற்றைகளுக்கும் இடையே 50 மி.மீ., லென்ஸின் குவியத் தூரம் 300 மி.மீ., கற்றையின் விட்டம் 1.35 மி.மீ. இரண்டு கற்றைகளும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சமும் இருளும் மாறி மாறிப் பட்டைகளாக நிற்கும்; துகள் அவற்றைக் கடக்கும்போது அதன் ஒளி மினுங்கும் வீதம்தான் டாப்ளர் அதிர்வெண். அலைநீளத்தை, இடைக்கோணத்தில் பாதியின் சைன் மதிப்பைப்போல் இரு மடங்கால் வகுத்தால் பட்டை இடைவெளி: சுமார் 3.1 மைக்ரான். ஆக 1 மீ/வி வேகத்துக்கு டாப்ளர் அதிர்வெண் சுமார் 323 கிலோஹெர்ட்ஸ். இரண்டு கற்றைகளும் சந்திக்கும் இடத்தின் விட்டம் ஏறக்குறைய 146 மைக்ரான், நீளம் 1.75 மி.மீ. அதாவது அது உருண்டை அல்ல, ஒல்லியான நீள்வட்டம். 1 மீ/வி வேகத்தில் போகும் துகள் அதை 146 மைக்ரோவினாடியில் கடந்துவிடும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டி வையுங்கள். கீழே உள்ள பாதிச் சந்தேகங்கள் இவற்றாலேயே தீரும்.

அறிகுறி: பூஜ்ஜியத்தில் மொட்டையாக நிற்கிறது, எதிர்வேகமே இல்லை

படிக்குப் பின்னால், உருளைக்குப் பின்னால், எங்கெல்லாம் ஓட்டம் திரும்பி வருமோ அங்கெல்லாம் இது வரும். அதிர்வெண் மாற்றம் இல்லாத எல்.டி.வி.க்குத் திசை தெரியாது. −0.3 மீ/வி வேகத்தில் போன துகளையும் +0.3 என்றே சொல்லும். எதிர்ப்பக்கம் முழுவதும் மடிந்து நேர்ப்பக்கத்தின் மேல் விழுந்துவிடும். ஒருமுறை மடிந்த தரவைக் கணக்கால் பிரிக்க வழியில்லை. மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

பிராக் செல்லை (ஒரு கற்றையின் அதிர்வெண்ணைச் சற்றே மாற்றும் உறுப்பு) இயக்குங்கள். 40 மெகாஹெர்ட்ஸ் மாற்றம் என்றால் மேலே சொன்ன பட்டைகள் 124 மீ/வி வேகத்தில் நகர்கின்றன. தண்ணீர்த் தொட்டிக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் மின்னணுவில் 2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம், அது 6.2 மீ/விக்குச் சமம். நகரும் பட்டையின் வேகம், ஓட்டத்தின் உச்ச வேகத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும் என்பது வழக்கமான விதி. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பட்டைகளுக்கு இணையாகப் போகும் துகள் போதிய பட்டைகளைக் கடக்காததால் நிராகரிக்கப்படும். பட்டைகளே நகரும்போது அந்தத் துகளும் கணக்கில் வந்துவிடும்.

மாற்றத்தை இயக்கிய பிறகும் இரண்டு மேடுகள் தெரிந்தால் அவசரப்பட்டுக் கருவியைத் திட்டாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். சென்னையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஜனவரிக் காலையில் 25 பாகை, மே மாத மதியத்தில் 35 பாகை என்று வைத்துக்கொள்வோம். பாகியல் 0.89 மில்லிபாஸ்கல்-வினாடியிலிருந்து 0.72க்கு இறங்கும். வால்வைத் தொடாமலே 2000 ஆக இருந்த ரெனால்டு எண் (ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்பதைக் காட்டும் எண்) 2470 ஆகிவிடும். குழாயில் அமைதியான ஓட்டமும் கொந்தளிப்புத் திட்டுகளும் மாறி மாறி வரும் எல்லை அங்கேதான் இருக்கிறது. குழாயின் மைய அச்சில் அமைதி ஓட்டம் சராசரியின் இரு மடங்கு வேகத்தில் போகும். திட்டு கடக்கும்போது அது இறங்கும். ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடு. வேகத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சந்தேகமே வேண்டாம், படிப்படியாக இறங்கி ஏறும். பம்பும் தண்ணீரைச் சூடாக்கும் என்பதால் தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள்.

அறிகுறி: ஒரு பக்க வால் கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது

அலைவரிசை வடிப்பானின் எல்லை. வெட்டு விழுந்த வேகத்தை அதிர்வெண்ணாக்கிப் பாருங்கள், அமைப்பில் கொடுத்த எண்ணோடு அப்படியே பொருந்தும். வரம்பை விரித்து எடுத்து, பரவல் முழுதாகத் தெரிந்த பின் கொஞ்சம் இடம் விட்டு இறுக்குங்கள். வெட்டுப்பட்ட பகுதி மறுமுனையில் சிறு மேடாக முளைத்திருந்தால் மாதிரியெடுக்கும் வீதம் போதவில்லை.

அறிகுறி: ஒரே இடத்தில் ஊசிபோல் ஒரு கோடு

கோடு சரியாகப் பூஜ்ஜியத்தில் இருந்தால் அது சுவர். இரண்டு கற்றைகளும் அசையாத கண்ணாடியில் பட்டுச் சிதறினால், அவற்றின் விம்மல் அதிர்வெண் (இரண்டு கற்றைகளின் அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசம்) பிராக் மாற்றத்தோடு சமமாக இருக்கும். கருவி அதை ‘பூஜ்ஜிய வேகத் துகள்’ என்று பதியும். ப்ரோபை, அதாவது கற்றைகளை அனுப்பும் முனைப்பகுதியை, சற்றே சாய்த்தால் பிரதிபலிப்பு ஏற்பியைத் தவறவிடும். சாய்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: ஓட்டத் திசையை அச்சாக வைத்து இரண்டு மூன்று பாகை திருப்பினால், நீங்கள் அளக்கும் கூறு மாறாது. வேறு அச்சில் திருப்பினால் கோசைன் கணக்கு போட வேண்டிவரும். பின்சுவரில் மினுமினுப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடிப்பதும் உதவும்.

கோடு பூஜ்ஜியத்தில் இல்லை என்றால் ஒரு கற்றையை அட்டையால் மறையுங்கள். பட்டைகளே இல்லாதபோது டாப்ளர் தரவும் இருக்கக் கூடாது. அப்போதும் தரவு வந்துகொண்டிருந்தால் அது மின்னணுவின் வேலை: பக்கத்து மேசையில் ஓடும் மின்வழங்கி, பம்பின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சரியாக எர்த் செய்யாத கேபிள்.

அறிகுறி: அடியில் பரந்த மேடை

இதை நிறையப் பேர் ‘கொஞ்சம் இரைச்சல், பரவாயில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு பரவாயில்லை என்று பார்ப்போம். உண்மையான சராசரி 1 மீ/வி, திட்ட விலக்கம் 0.1, கொந்தளிப்பு 10 சதவீதம். இதில் நூற்றுக்கு ஒரு தரவு மட்டும் −3 முதல் +5 மீ/வி வரை எங்கு வேண்டுமானாலும் விழும் பொய்த் தரவு. அந்த ஒரு சதவீதத்தின் விலக்க வர்க்கச் சராசரி 5.33. சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தத் திட்ட விலக்கம் 0.25. பத்து சதவீதக் கொந்தளிப்பு இருபத்தைந்தாகத் தெரிகிறது. கண்ணுக்கு மேடை தெரியக்கூட தெரியாது.

துகளின் ஒளியை மின்சிக்னலாக்கும் போட்டோமல்டிப்ளையரின் மின்னழுத்தத்தை மேலும் மேலும் ஏற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். டேட்டா ரேட் (வினாடிக்கு வரும் தரவு) ஏறுவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஏறுவதோ இரைச்சல். மின்னழுத்தத்தை இறக்கி, டியூப் லைட்டை அணைத்து, துகள் அடர்த்தியைக் குறைத்துப் பாருங்கள். துகள் அதிகமானால் ஒரே நேரத்தில் பல துகள்கள் உள்ளே வந்து சிக்னல்கள் ஒன்றோடொன்று கலக்கும். கற்றையும் வழியிலேயே மங்கும்.

மிச்சமுள்ள மேடையை நீக்க ‘மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே உள்ளதை வெட்டு’ என்ற விதி எனக்குப் பிடிக்காது. திட்ட விலக்கமே இரைச்சலால் வீங்கியிருக்கும்போது அதை வைத்து எதை அளப்பது? பரவல் சமச்சீராக இல்லையென்றால் உண்மையான வாலும் போய்விடும். துகளே போக வாய்ப்பில்லாத வேகங்களில், ஹிஸ்டோகிராமின் ஒவ்வொரு பெட்டிக்கும் (ஒரு சிறு வேக இடைவெளி) எத்தனை தரவு விழுந்திருக்கிறது என்று எண்ணி, அந்த உயரத்தை எல்லாப் பெட்டிகளிலிருந்தும் கழிப்பது நேர்மையான வழி.

அறிகுறி: சில பெட்டிகள் காலி, பக்கத்துப் பெட்டிகள் நிரம்பி வழிகின்றன

கருவியின் அதிர்வெண் பிரிதிறன் 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் வேகத்தில் அது சுமார் 1.55 செ.மீ/வி. நீங்கள் 1 செ.மீ/வி அகலத்தில் பெட்டி போட்டால் மூன்றில் ஒன்று காலியாகத்தான் இருக்கும். பெட்டியின் அகலத்தைப் பிரிதிறனின் முழு மடங்காக வையுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: சராசரி, ஃப்ளோ மீட்டர் காட்டுவதைவிட அதிகம், பரவல் வலப்பக்கம் சாய்கிறது

இதுதான் இந்தத் துறையின் பழைய வழக்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யே, கம்மின்ஸ் இருவரும் லேசரால் ஓட்டத்தின் வேகத்தை முதன்முதலில் அளந்தது 1964இல். ஒன்பது ஆண்டு கழித்து, 1973இல், மெக்லாக்லினும் டீடர்மனும் இந்தச் சாய்வைச் சுட்டிக்காட்டி ஒரு திருத்தமும் சொன்னார்கள்.

கிண்டி கத்திப்பாராவுக்குப் பக்கத்தில் நடைமேம்பாலத்தில் நின்று, கீழே கடக்கும் ஒவ்வொரு வண்டியின் வேகத்தையும் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளுக்கு இடையே உள்ள தூரம் எப்போதும் ஒன்றே. சாலை வேகமாக நகரும் ஐந்து நிமிடத்தில் நிறைய வண்டி கடக்கும். ஊர்ந்துபோகும் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம்தான். கடைசியில் வண்டிக் கணக்கில் சராசரி எடுத்தால் சாலை உண்மையைவிட வேகமாகத் தெரியும். துகள்களும் அப்படித்தான்.

எண்ணில்: பாதி நேரம் 1 மீ/வி, பாதி நேரம் 3 மீ/வி. உண்மைச் சராசரி 2. வரும் துகள்களோ 1க்கு 3 என்ற விகிதத்தில். ஆக வெறும் சராசரி 2.5, இருபத்தைந்து சதவீதம் அதிகம். ஒவ்வொரு தரவுக்கும் அதன் வேகத்தின் தலைகீழியை எடையாகக் கொடுங்கள்: மெதுவான ஒன்றுக்கு எடை 1, வேகமான மூன்றுக்கு ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு. சராசரி சரியாக 2க்கு வரும். பொதுவாக, பிழையின் அளவு கொந்தளிப்பு விகிதத்தின் வர்க்கம். 10 சதவீதக் கொந்தளிப்பில் பிழை ஒரே ஒரு சதவீதம், 30இல் ஒன்பது. காற்றுச் சுரங்கத்தின் நடுவில் அளப்பவர் இதற்காகத் தூக்கம் கெடவேண்டியதில்லை. கலப்பு அடுக்கில் (வேறு வேறு வேகத்தில் போகும் இரண்டு ஓட்டங்கள் கலக்கும் இடம்) அளப்பவர் கெடவேண்டும்.

தலைகீழி எடைக்கு இரண்டு பலவீனம். ஒன்று, நாம் அளப்பது ஒரு கூறு மட்டும். துகளின் வருகையைத் தீர்மானிப்பதோ மொத்த வேகம். இரண்டாவது, வரிசை ஏன் முக்கியம் என்பதற்கான கணக்கு: இரைச்சலால் 0.01 மீ/வி என்று பதிவான ஒரு பொய்த் தரவு, 1 மீ/வி தரவைப்போல் நூறு மடங்கு எடை பெறும். மேடையை நீக்காமல் எடையிட்டால் பூஜ்ஜியத்தில் ஒரு மலையே எழும்பிவிடும்.

பூக்ஹாவ், ஜார்ஜ், லம்லி மூவரும் 1979இல் வலியுறுத்திய வழி மேலானது: துகள் உள்ளே இருந்த கால அளவையே எடையாகக் கொடுப்பது. மெதுவான துகள் நெடுநேரம் இருக்கும், அதன் குரல் தானாகவே உரக்கக் கேட்கும். மூன்று கூறுகளும் தெரிய வேண்டிய அவசியமில்லை, பூஜ்ஜியத்தில் வெடிப்பதுமில்லை. ஆனால் கருவி அந்தக் கால அளவை ஒழுங்காக அளக்க வேண்டும். சரிபார்க்க, அதை வேகத்துக்கு எதிராகப் புள்ளிகளாக வரையுங்கள். மேல் எல்லை, விட்டத்தை வேகத்தால் வகுத்து வரும் வளைவை ஒட்டியிருக்க வேண்டும். 1 மீ/விக்கு 146 மைக்ரோவினாடியைத் தாண்டி ஆயிரக்கணக்கில் புள்ளிகள் இருந்தால் அந்த எடையை நம்பாதீர்கள்.

எடையிடும் முன் இரண்டு சோதனை அவசியம். அடுத்தடுத்த துகள்களுக்கு இடைப்பட்ட நேரத்தை மடக்கை அளவில் ஹிஸ்டோகிராமாகப் போடுங்கள். துகள் சீராகக் கலந்திருந்தால் ஏறக்குறைய நேர்கோடாக இறங்கும். மிகச் சிறிய இடைவெளியில் கூர்மையான உயரம் இருந்தால், ஒரே துகளின் சிக்னல் உடைந்து இரண்டு மூன்றாகப் பதிவாகிறது. மெதுவான துகள்தான் அதிகம் உடையும் என்பதால் பரவல் எதிர்த்திசையில் சாயும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்து, சராசரி ‘சரியாக’ வந்து உங்களை ஏமாற்றும். அடுத்து, தரவைச் சிறு நேரத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை துகள், என்ன சராசரி வேகம் என்று ஒப்பிடுங்கள். தொடர்பே இல்லையென்றால் எடையிட வேண்டிய தேவையில்லை. தாரை ஓட்டத்தில் மட்டும் எச்சரிக்கை: நாசிலில் மட்டும் புகை விட்டு, சுற்றியுள்ள காற்றில் விடவில்லை என்றால் நீங்கள் அளப்பது நாசிலிலிருந்து வந்த காற்றை மட்டுமே. அதற்கு எந்த எடையும் மருந்தில்லை. அறையையே புகையால் நிரப்புங்கள்.

அறிகுறி: பரவல் எதிர்பார்த்ததைவிடக் குறுகல்

“ண்ணா, டர்புலன்ஸ் பாதிதான் வருது” என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, என்ன சீடிங் (ஓட்டத்தில் கலக்கும் துகள்) போட்டாய் என்று. காற்றில் 1 மைக்ரான் எண்ணெய்த் துளியின் எதிர்வினை நேரம் சுமார் 2.8 மைக்ரோவினாடி, பல பத்து கிலோஹெர்ட்ஸ் வரை ஓட்டத்தைத் தொடரும். 10 மைக்ரான் துளிக்கு அது நூறு மடங்கு. சுமார் 570 ஹெர்ட்ஸுக்கு மேல் பின்தங்கிவிடும். அவசரத்துக்கு முகப் பவுடர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஈரப்பதத்தில் அது கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஊதுபத்திப் புகை எவ்வளவோ தேவலாம், துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஆனால் சிக்னல் மங்கலாக இருக்கும், ஜன்னல் கண்ணாடியில் பிசுபிசுப்பு படியும். தண்ணீருக்கு 10 மைக்ரான் உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகள் போதும். லாரித் தண்ணீரில் இருக்கிற தூசியே போதும் என்று நினைக்காதீர்கள். அதன் அளவு யாருக்கும் தெரியாது, கூடவே வரும் காற்றுக்குமிழ் மேலே மிதக்கும் வேகத்தையும் சேர்த்துக் காட்டும். தொட்டியை நிரப்பி ஓர் இரவு விட்டுவையுங்கள்.

அறிகுறி: சுவரருகே பரவல் அகலம்

அளவீட்டுப் பகுதிக்குள்ளேயே வேகம் மாறுகிறது. ஒரு முனையில் போகும் துகளும் மறுமுனையில் போகும் துகளும் வேறு வேறு வேகம். அந்த வித்தியாசம் கொந்தளிப்பாக வேடம் போடுகிறது. போலித் திட்ட விலக்கம் = வேகச் சரிவு (தூரத்துக்கு ஏற்ப வேகம் மாறும் வீதம்) × பகுதியின் அளவில் நான்கில் ஒன்று. சரிவு வினாடிக்கு 500 என்றால், 146 மைக்ரான் பக்கம் சரிவுக்கு நேராக இருக்கும்போது போலி 0.018 மீ/வி. கண்ணாடிச் சுவருக்குச் செங்குத்தாக ப்ரோபை வைத்து அந்தச் சுவரையே அளந்தால் 1.75 மி.மீ. நீளம் சரிவின் மேல் படுக்கும், போலி 0.22 மீ/வி. பன்னிரண்டு மடங்கு! ஆகவே பக்கவாட்டிலிருந்து அளங்கள்.

கூடவே சுயவிவர வளைவு (இடத்துக்கு இடம் வேகம் மாறுவதைக் காட்டும் வளைவு) நெருக்கிப் பிடித்ததுபோல் இருக்கிறதா? தட்டையான கண்ணாடி வழியாகத் தண்ணீரில் அளக்கும்போது பட்டை இடைவெளி மாறாது, அலைநீளமும் கோணமும் ஒரே விகிதத்தில் குறைவதால் வேகம் பத்திரம். ஆனால் ப்ரோபை 1 மி.மீ. நகர்த்தினால் சந்திக்கும் புள்ளி தண்ணீரில் சுமார் 1.33 மி.மீ. நகரும். இடத்தைத் திருத்துங்கள், வேகத்தை அல்ல. வளைந்த குழாய்க்கு இந்தக் கணக்கு செல்லாது. வெளியே தண்ணீர் நிரம்பிய சதுரப் பெட்டி வைத்தால் சிக்கல் பெரிதும் குறையும்.

எல்லா இடத்திலும் அகலம் என்றால் கற்றைகள் தங்கள் மெல்லிய இடுப்பில் சந்திக்கவில்லை, பட்டைகள் விசிறிபோல் விரிகின்றன. ரிச்சி தெருவில் ஒரு சிறு டி.சி. மோட்டாரும் வட்டத் தகடும் வாங்கி, விளிம்பில் மெல்லிய கம்பி ஒட்டிச் சுழற்றுங்கள். 40 மி.மீ. ஆரம், வினாடிக்கு 10 சுற்று: 2.51 மீ/வி. ஒரே வேகம், கொந்தளிப்பு கிடையாது. அங்கே கிடைக்கும் அகலம் முழுக்க முழுக்கக் கருவியுடையது. கற்றையின் நீள்வாக்கில் நகர்த்தியும் பாருங்கள், சராசரி மாறினால் ஒளியமைப்பைத் திரும்பச் சீரமைக்க வேண்டும்.

அறிகுறி: காலையில் நல்ல டேட்டா ரேட், கதவைத் திறந்ததும் விழுகிறது

ஏ.சி. அறையில் குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்று பட்டு ஈரம் படிகிறது. துடைக்காதீர்கள், காத்திருங்கள்.

பி.ஐ.வி. தரவென்றால்

பி.ஐ.வி. என்பது அடுத்தடுத்து எடுத்த படங்களில் துகள்கள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து வேகத்தை அளக்கும் முறை. அதன் ஹிஸ்டோகிராமில் முழு எண் பிக்சல்களில் மேடுகள் வரிசையாக நின்றால் துகளின் பிம்பம் மிகச் சிறியது. இடப்பெயர்ச்சியின் பின்னப் பகுதியை மட்டும் தனியே ஹிஸ்டோகிராம் போடுங்கள், தட்டையாக வரவேண்டும். 532 நானோமீட்டர் ஒளி, உருப்பெருக்கம் 0.2, லென்ஸ் துளை எண் 4 என்றால் விளிம்பு விலகலால் வரும் பிம்ப விட்டம் 6.2 மைக்ரான், 6.5 மைக்ரான் பிக்சலில் ஒரே பிக்சல். துளை எண் 8க்கு மாற்றினால் 12.5 மைக்ரான், கிட்டத்தட்ட இரண்டு பிக்சல். பிரச்சினை பெரும்பாலும் அதோடு போய்விடும். வெளிச்சம் குறையும் என்று தயங்கினால் குவியத்தைத் துளியளவு கலைத்துப் பாருங்கள். எடுத்து முடித்த படங்களில் செய்யக்கூடியது குறைவு.

கடைசியாக, கருவியின் அகலத்தைக் கழிப்பது

முதலில் தரவு போதுமா? 20 சதவீதக் கொந்தளிப்பில் சராசரியை ஒரு சதவீதத்துக்குள், 95 சதவீத நம்பிக்கையில் சொல்ல, ஒன்றையொன்று சாராத தரவு 1540 அளவுக்கு வேண்டும். வாலின் வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பல மடங்கு. ஒரே சுழலுக்குள் வந்த ஐம்பது துகள் ஐம்பது தரவு ஆகாது.

அளந்த விலக்க வர்க்கச் சராசரியிலிருந்து சுழலும் தகட்டில் கிடைத்ததைக் கழியுங்கள். அளந்தது 0.10, கருவி 0.02 மீ/வி என்றால் உண்மை 0.098, கழிக்காவிட்டாலும் குடி முழுகாது. அளந்தது 0.022 என்றால் உண்மை 0.0092 என்று வரும்; கருவியின் அகலத்தை 0.021 என்று கொஞ்சம் மாற்றினாலே அது 0.0066 ஆகிவிடும். அந்த எண்ணை ஆய்வேட்டில் போடாதீர்கள். வளைவு முழுவதையும் ஃபூரியே வழியில் வகுத்து மீட்கப் பார்த்தால் இன்னும் மோசம், இரைச்சல் பெருகிப் பரவலில் எதிர்மறை உயரங்கள் முளைக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் லென்ஸை மாற்றுவதுதான் வழி. 160 மி.மீ. குவியத் தூரம் போட்டால் அளவீட்டுப் பகுதியின் விட்டம் 78 மைக்ரானுக்கு இறங்கும். பட்டை இடைவெளியும் 1.67 மைக்ரானாக மாறும். மென்பொருளில் பழைய 3.1 அப்படியே இருந்தால் எல்லா வேகமும் 1.86 மடங்காக வரும்.